நாடாத் தழும்பு என்று நான் சொன்ன பொய்

சென்ற தை மாதம் ஒரு காலை, முறுக்கு சுற்றிக்கொண்டிருந்த மணையிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினேன். கையும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அப்படியே மாவுத் தாம்பாளத்தின் பக்கத்தில் சரிந்து கிடந்தேன். எனக்கு அறுபத்தொரு வயது. அன்று நான் செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன்.

ஸ்ரீரங்கத்தில் நானும் என் ஓர்ப்படி கோமளாவும், அதாவது என் கணவரின் தம்பி மனைவியும், கல்யாணங்களுக்குச் சீர் பட்சணம் செய்து கொடுத்துவந்தோம். பருப்புத் தேங்காய், லட்டு, ஏழு சுற்று, ஒன்பது சுற்றுக் கைமுறுக்கு. எங்களைத் தேடி வருகிறவர்கள் ருசிக்காக மட்டும் வரவில்லை. நாங்கள் மடியாகச் செய்வோம் என்பதற்காக வந்தார்கள். துவைத்து, யார் கையும் படாமல் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புடவை எங்கே காயும்? பாதி ஈரத்தோடு சுற்றிக்கொண்டு அனலில் நிற்போம். அதை ஒரு பெருமையாகவே நினைத்தேன்.

அந்த ஈரம்தான் எனக்கு வினையாக வந்தது. இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், படர்தாமரை. முதலில் ஒரு ரூபாய் அளவு. பிறகு இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி. அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. கரண்டிக் காம்பால் சொறிந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால் யாரிடம் சொல்வது? பட்சண மாமிக்குத் தோல் வியாதி என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் போதும், நான்கு வீதியும் பேசும். கோமளாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் என்னைவிட ஆசாரம் பார்க்கிறவள், முகத்தைச் சுளிப்பாள் என்று பயம்.

இதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் கொலஸ்ட்ரால் மாத்திரை. படர்தாமரைக்கு அந்த இதய டாக்டரையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளூர் மருந்துக் கடையில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்று, பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். என் தங்கைக்கு என்று சொன்னேன். எனக்குத் தங்கையே கிடையாது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று அந்தக் கடைக்காரர் கேட்டார். இல்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, நடுவில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மார்கழிக் கடைசியில் ஆரம்பித்தேன். அரிப்பு அடங்கியது. ரங்கநாயகித் தாயார் கிருபை என்று மகிழ்ந்தேன். மூன்றாவது வாரம் தொடையும் தோளும் அடித்துப் போட்டாற்போல் வலித்தன. முகூர்த்த நாள் நெருங்குகிறது, முந்நூறு முறுக்கு சுற்றுகிற கை வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தடவிக்கொண்டேன். ஏகாதசிக்கு மறுநாள் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போயிற்று. தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்ததால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அடுத்த நாள்தான் மணையில் விழுந்தேன்.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என் தசைகள் நொறுங்கிக்கொண்டிருக்கின்றன, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையால் அபூர்வமாக இப்படி வரும் என்று முதல் நாளே அதை நிறுத்திவிட்டார்கள். சிகிச்சை பார்த்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். படுக்கையில் குனிந்து கேட்டாள்.

“அம்மா, வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? கடையில நீங்களா வாங்கினது, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

என் கணவர் ஒரு பக்கம், கோமளா ஒரு பக்கம். இல்லை என்றேன்.

இடுப்பில் கறுத்துக் கிடந்த வளையத்தை நர்ஸ் பார்த்துவிட்டு இது என்ன என்றாள். நாற்பது வருஷம் பாவாடை கட்டின நாடாத் தழும்பு என்றேன். அவளும் பெண்தானே, நம்பிவிட்டாள். திரைக்கு வெளியே நின்ற கோமளாவுக்கும் அது கேட்டிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மீதி மாத்திரைகள் என் சுருக்குப் பையில் இருந்தன. பை தலையணைக்கு அடியில் இருந்தது. நடுவில் நிறுத்தினால் வியாதி திரும்ப வரும் என்றாரே என்று, ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஆஸ்பத்திரியிலும் தினம் விழுங்கினேன். நான் எவ்வளவு பெரிய அசடு என்று இப்போது தெரிகிறது.

குறைய வேண்டிய அளவுகள் குறையவில்லை. ஏன் என்று அந்த டாக்டர் பெண்ணுக்குப் புரியவில்லை. சிறுநீர் நின்றுபோயிற்று. நான்காம் நாள் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். என் கணவர் வராண்டாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது உள்ளே கேட்டது.

நான் தாயாரை வேண்டாமல் இல்லை. நாள் முழுவதும் வேண்டினேன். “ரங்கநாயகித் தாயாரே, உயிரைக் காப்பாத்து, என் மானத்தையும் காப்பாத்து” என்றுதான் வேண்டினேன். டாக்டருக்குத் தெரியாமல், ஓர்ப்படிக்குத் தெரியாமல் பிழைக்க வை என்று தாயாரிடமே பேரம் பேசினேன். ஆறாம் நாள் மதியம் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் பயம் முழுதாக வந்தது. தாயாரே, மானம் போனால் போகட்டும், எப்படியாவது என்னைக் காப்பாற்று என்றேன். சொல்ல எனக்குத் தைரியமில்லை என்பதையும் அவளிடமே சொல்லி அழுதேன்.

அன்று மாலை கோமளா தாயார் சந்நிதி மஞ்சளோடு வந்தாள். நெற்றியில் இட்டுவிட்டாள். துணி நனைந்திருக்கிறது, மாற்றிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்காமல் திரையை இழுத்துவிட்டு, என்னைப் புரட்டினாள். அவள் கை என் இடுப்பில் நின்றுவிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“இது நாடாத் தழும்பு இல்லேக்கா” என்றாள். முகம் சுளிக்கவில்லை. தன் புடவைக் கொசுவத்தைச் சற்று இறக்கிக் காட்டினாள். “எனக்கும் இருக்கு. கார்த்திகையிலேர்ந்து. நீங்க அருவருப்பு படுவேளோன்னு மறைச்சு மறைச்சுக் களிம்பு தடவிண்டிருக்கேன்.”

ஒரே சமையலறையில், முதுகோடு முதுகு உரச நின்று, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து பயந்திருக்கிறோம். நான் அழுதுகொண்டே தலையணையைக் காட்டினேன். கோமளா சுருக்குப் பையைப் பிரித்தாள். மாத்திரை அட்டையைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

அந்தப் பெண் அட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்றுகிற வழியை இந்தப் பூஞ்சை மாத்திரை அடைத்துவிடும், அதனால் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய்த் தசையைத் தின்றிருக்கிறது என்று விளக்கினாள். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் இதையே செய்யுமாம். “இன்னும் ரெண்டு நாள் தெரியாம போயிருந்தா கஷ்டம்மா” என்றாள்.

அன்றோடு அந்த மாத்திரை நின்றது. அதற்குப் பிறகுதான் அளவுகள் இறங்க ஆரம்பித்தன. மேலும் பல தடவை டயாலிசிஸ். மாசியில் ஒரு நாள் ஒரு டம்ளர் அளவு சிறுநீர் பிரிந்தபோது, என் கணவர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

முழுவதும் தேறிவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். சிறுநீரகம் பிழைத்தது. தோளில் பழைய பலம் வரவில்லை. மாவை விரலால் முறுக்கினால் மூன்றாவது சுற்றிலேயே கை நடுங்குகிறது. இனிமேல் சுற்ற மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. அன்று ஆர்டர் கொடுத்திருந்த கல்யாண வீட்டார் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். வழக்கமான வீடுகளுக்கு நாங்களே உண்மையைச் சொன்னோம். இரண்டு வீட்டார் பிறகு வரவேயில்லை. கோமளா வைத்தியம் பார்த்துக் குணமான பிறகுதான் அடுப்பு மூட்டினாள். மழை நாளில் மடிப்புடவையை இஸ்திரி போட்டு ஈரம் போக்கிக் கட்டுகிறோம். அது மடியா என்று யார் கேட்டாலும் இஸ்திரி போடுவதை விடுவதில்லை.

கொலஸ்ட்ராலுக்கு இப்போது டாக்டர் வேறு மாத்திரை கொடுத்து, அடிக்கடி ரத்தம் பார்க்கிறார். நானாக அதை நிறுத்துவதும் இல்லை, நானாக எதையும் சேர்ப்பதும் இல்லை. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதே சுருக்குப் பையில் வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன்.

எங்கள் தாயார் படி தாண்டாதவள். வீதிக்கு எழுந்தருளுவதில்லை. ஆனால் அன்று மாலை, மஞ்சள் பொட்டலத்தோடு என் திரைக்குள் வந்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்ட இரண்டில் ஒன்றைக் கொடுத்தாள், மற்றதை வாங்கிக்கொண்டாள். அந்த இரண்டுமே கிருபைதான்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் தலையணைக்கு அடியிலும் ஏதாவது இருக்கலாம். தாயாரிடம் சொல்லுங்கள், நிச்சயம் கேட்பாள். அவள் உங்களைக் காப்பாற்ற வழி விட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள்.