கிரேன் கேபினில் அருள்நாதன் செய்த செபம்

ராயபுரம் அருள்நாதனிடம் இரண்டு தமிழ் இருந்தது. வீட்டிலும் துறைமுகத்திலும் பேசுவது ஒன்று, கடவுளிடம் பேசுவது இன்னொன்று. தெருவில் யார் வீட்டில் அன்பியம் என்கிற செபக் கூட்டம் நடந்தாலும் முடிவுச் செபம் அவருடையதுதான். "அனைத்தையும் கடந்து நிற்கும் பரம்பொருளே, அருள்வடிவான ஆதியே..." என்று அவர் தொடங்கியதும் மனைவி ரோஸ்மேரி எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைப்பார். டீ ஆறிய பிறகுதான் ஆமென் வரும்.

துறைமுகத்தில் அவர் கிரேன் ஓட்டுநர். கீழே நின்று கை காட்டுபவர் சுப்புராயன், அதே தெருக்காரர். பல வருடம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். 1998இல் ஒரு தேயிலைப் பெட்டி விழுந்து உடைந்தது. சுப்புராயன் தப்பாகக் கை காட்டினார் என்று அருள்நாதன் எழுதிக் கொடுக்க, சுப்புராயனுக்கு மெமோ வந்தது. அதன்பின் இருவருக்கும் பேச்சு வாக்கி டாக்கியில் மட்டும்தான். "தூக்கு." "இறக்கு." "நிறுத்து." மூன்று வருடத்தில் நாலாவது வார்த்தை கிடையாது.

2001 நவம்பரில் ஒரு மத்தியானம் மழையோடு பேய்க்காற்று அடித்தது. அந்தக் காற்றில் ஏணியில் இறங்க முடியாது, கேபினிலேயே இரு என்றார் சூப்பர்வைசர். கேபின் ஆடியது. அருள்நாதன் கையில் கிடைத்ததை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கிடைத்தது வாக்கி டாக்கி. பட்டனை அழுத்தினால் நம் பேச்சு கீழே போகும், விட்டால்தான் எதிர்க்குரல் கேட்கும். அவர் விடவில்லை.

"அனைத்தையும் கடந்து நிற்கும்..." அடுத்தது வரவில்லை.

"ஏசப்பா, இன்னாபா இது? ஒரு மேட்டர் சொல்லிடறேன். அந்த டீத்தூள் பொட்டி... சுப்புராயன் சரியாத்தான் கை காட்டுனான். நான்தான் கப்பல வேடிக்கை பாத்துகினு இருந்தேன். பழிய அவன் தலைல கட்டிட்டேன். கம்முனு வாங்கிகினு போய்ட்டாம்பா. அவன் இல்லாம சோறு எறங்கல. ஆமென்."

கீழே ஷெட்டில் ஒதுங்கியிருந்த பதினைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிக்கப் போன ஒருவர் சுப்புராயனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அருள்நாதனின் விரல் தளர்ந்தது. உடனே ஒரு குரல் வந்தது.

"கேட்டுச்சி நைனா."

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை சீக்கிரம் மேலிருந்து பதில் வந்து அவர் பார்த்ததில்லை. "ஆண்டவரே?" என்றார்.

"சுப்புராயன் பேசறேன். ஷெட்டு பூரா கேட்டுச்சி. சூப்பர்வைசர் சாரும் இங்கதான் கீறாரு. பயப்படாத, காத்து கொறையுது."

ஒரு மணி நேரம் கழித்து இறங்கியவரைச் சுப்புராயன் தோளில் தாங்கிக்கொண்டார்.

"உனக்குத் தெரிஞ்சும் ஏன்டா எவன்கிட்டயும் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். இவ்ளோ ஒசரத்துல குந்திகினு சொல்லுவேன்னு நெனைக்கல."

மறுநாள் அருள்நாதன் நடந்ததை எழுதிக் கொடுத்து, தன் பேருக்கு மெமோ வாங்கிக்கொண்டார். அந்த வார அன்பியத்தில் அவர் செபம் வீட்டுத் தமிழில் ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் அது தெரியாமல் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள்.

சுப்புராயன் மன்னித்த வேகத்தில் அவர் மனைவி வேம்பு மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அருள்நாதனை அரைமணி நேரம் திட்டினார். "மெமோ வந்த அன்னிக்கி இந்த மனுசன் சோறு துன்னல, தெரியுமா?" அவர் தலை குனிந்து நின்றார். மூச்சு வாங்கியதும் வேம்பு நகர்ந்து வழிவிட்டார்.

"வெயில்ல நிக்காத. உள்ள வந்து குந்து, வஞ்சிர மீனு வெச்சிருக்கேன்."