பூஜ்யம் என்று வந்த பதில்

பிற்பகல் 2.40. டைரியில் அப்படித்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நான் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துவந்த தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில், பழுதான கீபோர்டை மாற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஞானம் ஓடி வந்தார்.

"சார், ஓ நெகட்டிவ் இருக்கான்னு பாருங்க. ஏரல்காரப் பொண்ணுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு."

நானே தட்டினேன். திரையில் 0 என்று வந்தது.

அந்தப் பெண்ணின் கணவர் கதவோரம் நின்றார். சட்டையில் வாழைக்கறை. "சார், இங்கன நெசமாவே இல்லையா? இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

மறுபடி தட்டினேன். 0.

"இல்லைங்க" என்றேன்.

ஊரில் வேறு இரண்டு இடங்களுக்கு ஃபோன் செய்தோம். அந்தப் பிரிவு அங்கும் இல்லை. நாகர்கோவிலில் இருப்பதாகத் தகவல் வந்தது. 2.55க்கு கணவர் ஐஸ் பெட்டியோடு வாடகைக் கார் ஏறினார். வெளியே இரண்டு இடங்களுக்கு ஃபோன் செய்த எங்களில் ஒருவருக்கும், அடுத்த கட்டடத்திலிருந்த எங்கள் ரத்த வங்கியை ஃபோனில் கேட்கத் தோன்றவில்லை.

அந்த 0 எங்கிருந்து வந்தது

தொண்ணூறுகளின் பின்பாதி அது. அதற்கு முந்தைய வருடம்வரை வார்டிலிருந்து இன்டர்காமில்தான் கேட்பார்கள். ரத்த வங்கி டெக்னீசியன் சங்கரன் எரிந்து விழுவார். "நான் ஊசி குத்தவா, மணியடிச்சா ஓடவா? எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்பார்.

அவருடைய இருப்புக் கணக்கு, ஃபாக்ஸ்புரோ என்ற அந்தக் கால டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு கோப்பாக இருந்தது. வார்டு புரோகிராம் தனி. இரண்டுக்கும் நடுவே நான் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ரத்தப் பிரிவைக் கொடுத்தால் எத்தனை யூனிட் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். மருந்துக்கடை ஜன்னலில் சீட்டை நீட்டுகிறவருக்கு உள்ளே எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, அதுபோலத்தான். இளம் புரோகிராமர்களான நீங்கள் ஏ.பி.ஐ. என்று சொல்வது இதைத்தான்.

முதல் நாளே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "இனிமே அந்த மனுசன்கிட்ட ஏச்சு வாங்க வேண்டாம் சார்" என்றார் ஞானம். சங்கரனும் சிரித்தார். "ஒம்ம மெசினு எனக்குப் பதிலா பேசட்டும்வே."

கோப்பைத் திறக்க முடியாமல் போனால் என்ன பதில் தருவது? எழுதும்போதே இந்தக் கேள்வி வந்தது. ஏதாவது ஓர் எண் தந்தாக வேண்டும். 0 என்று எழுதி, அடுத்த வரிக்குப் போனேன்.

4.20

பிரிண்டருக்கு ரிப்பன் கேட்டு சங்கரன் என் அறைக்கு வந்தார். கையில் அன்றைய இருப்புப் பட்டியல். ஓ நெகட்டிவ் என்ற வரியில் 2 என்று இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"காலைலேயே இருக்கேவே. ஏன்?"

"மத்தியானம் கேட்டதுக்கு பூஜ்யம்னு காட்டுச்சே."

"நான் அப்பம் காலாவதியானதைக் கம்ப்யூட்டர் கணக்குல கழிச்சுக்கிட்டிருந்தேன். பாதியில ரத்தம் குடுக்க ஆளு வந்துட்டாவ. அப்படியே போட்டுட்டுப் போனேன். மூணு மணிக்குத்தான் முடிச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "யாருக்குவே கேட்டாவ?"

அந்த வேலை நடக்கும்போது கோப்பை வேறு யாரும் திறக்க முடியாது. ஃபங்ஷனுக்குத் தெரியவில்லை. தெரியாததை இல்லை என்று சொல்லியிருந்தது. நான் எழுதிக்கொடுத்தபடி.

இருவரும் ஓடினோம். பொருத்தம் பார்த்து ரத்தம் ஏற்றத் தொடங்கியபோது 5.05. அந்தப் பெண் 5.40க்கு இறந்தாள். குழந்தை பிழைத்தது, பெண் குழந்தை.

முன்னமே ஏற்றியிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தில் பல வருடம் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

6.50க்குக் கணவர் வந்தார். வார்டுக்குப் போகும் வழியில் முதலில் எதிர்ப்பட்டவன் நான். பெட்டியைத் திறந்து காட்டினார்.

"வள்ளியூர்ல ரயில்வே கேட்டு போட்டுட்டான் சார், அதான் சுணங்கிட்டு. ஆனா ஐஸு உருகல. பாருங்க."

பார்த்தேன். உருகவில்லை.

மாற்றிய வரி

மறுநாள் திருத்தினேன். கோப்பு திறக்காவிட்டால் ஃபங்ஷன் -1 தரும், வார்டுத் திரையில் "தெரியவில்லை. ஃபோனில் கேட்கவும்" என்று வரும். பதினோரு நிமிட வேலை. பிறகு வார்டிலிருந்து ரத்த வங்கி ஃப்ரிட்ஜ்வரை டேப்பால் அளந்தேன். நூற்றுப் பதினான்கு அடி.

இன்று பேங்க், ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறது. எழுந்துபோய்ப் பார்க்க ஆளில்லை. ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலிலும் 'இல்லை' என்பதற்கு ஓரிடமும் 'தெரியவில்லை' என்பதற்கு வேறோர் இடமும் வையுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

பதினாறாம் நாள் அந்த மனிதர் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தார். என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். "நீங்க ரெண்டு தடவை பாத்துச் சொன்னிய சார்" என்றார். நானும் கும்பிட்டேன். ரத்தம் இங்கேயே இருந்ததைச் சொல்லவில்லை. அவர் ஏரல் பஸ்ஸில் ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.