டிப்பரில் வந்த பானையோடு

சாராம்மாவுக்குப் பொறுமை உண்டு என்று ஆரியங்கோட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை. இருபது வருடம் தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தவள். ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளிப் பார்த்தே இது மேட்டு மண், இது வயல் மண் என்று சொல்லிவிடுவாள். இடவப்பாதியில் தொடங்கும் பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் அடுக்களைக்கு அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரை ஏற்றியாக வேண்டும். போன மழைக்குத் தார்ப்பாயின் கீழ் அடுப்பு மூட்டி, கஞ்சியில் பாதி மழைத்தண்ணீராகக் குடித்தது போதும்.

அஸ்திவாரம் தோண்டும்போது சிவப்புப் பானையோடுகள் வந்தன. வாரி ஓரமாகக் கொட்டியிருந்தால் தீர்ந்தது. புருஷன் ரெத்தினதாஸ் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் போனில் அனுப்பினான். மூன்றாம் நாள் கல்லூரியில் தொல்லியல் நடத்தும் ரமணன் சார் நாலு மாணவர்களோடு வந்து இறங்கினார். குச்சி நட்டார், கயிறு கட்டினார், கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பினார். அடுக்களைத் தரையில் நாலு சதுரக் குழி விழுந்தது.

"ஆதி காலத்துக் கடலோரத்து ஆளுகளுக்குள்ள பானையாக்கும் இது," என்றார் சார். "கடல விட்டு இத்தனை தூரத்தில கிடைக்குதுன்னா, அவங்க நெய்யாற்றங்கரை வழியா ஏறி வந்து இங்க குடியிருந்திருக்கணும்."

ரெத்தினதாஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்க அப்பூப்பன்மாரு, பாட்டன்மாரு காலம் தொட்டே இந்த எடம் எங்களுக்கு உள்ளதாக்கும் சாறே."

சார் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாராம்மா சாயாவோடு வந்தாள். "சாறே, இந்த மண்ணு..."

"ஒரு நிமிஷம் அம்மா."

மறுநாள், "சாறே, இது இஞ்ச உள்ள மண்ணு இல்ல..."

"அம்மா, கயித்த மிதிச்சிராதீங்க."

அதற்கும் மறுநாள் ரெத்தினதாஸே முந்திக்கொண்டான். "நீ சும்மா கெட. சாறுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

அவளுக்குத் தெரியும். அவள் பிறந்தது காஞ்சிரங்குளத்தில். வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. அதில் பொறுக்கிய இதே ஓட்டை எறிந்துதான் சிறுவயதில் பாண்டி ஆடினாள். இதே ஓடு காலில் குத்தி ஒரு மாதம் நொண்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் பொன்னுதாஸ் வீடு வைக்க அந்த மேட்டில் பாதியை இடித்தார். அந்த மண்தான் அப்போது பள்ளமாகக் கிடந்த இந்த அடுக்களை இடத்தை நிரப்பியது.

ஐந்தாம் நாள் வடக்கே மேகம் கறுத்தது. சாராம்மா மண்வெட்டியை எடுத்தாள், கயிற்றைத் தாண்டினாள், ஒரு குழிக்குள் இறங்கினாள்.

"ஐயோ அம்மா, அங்க கொத்தாதீங்க!"

நாலே கொத்து. ஓடுகளுக்குக் கீழே நீலமாக ஒன்று தெரிந்தது. இழுத்து உதறி சாரின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். ஒரு பால் கவர். மாணவி ஒருத்தி அதில் அச்சடித்திருந்த தேதியை வாசித்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"பானை மேல, பால் கவர் கீழ," என்றாள் சாராம்மா. "ஆதி காலத்து ஆளுவ கவர் பாலா வாங்கிக் குடிச்சாவ? ஒருத்தரும் ஆத்து வழியா ஏறி வரல்ல சாறே. லாரிக்காரன் ஷாஜிக்க டிப்பராக்கும் ஏறி வந்தது. பதினோரு லோடு!"

ரெத்தினதாஸ் தென்னை மரத்தில் காய் எண்ணத் தொடங்கினான்.

சார் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நாள் நோட்டு மடியில் கிடந்தது. அதில் புதுப் பக்கம் புரட்டிக் கேட்டார்: "எங்கேருந்து வந்த லோடு அம்மா?"

"இப்பமாவது கேட்டியளே! அந்த மேட்டில பாதி இன்னும் இடிக்காம கெடக்குது."

சார் துள்ளி எழுந்தார். "எந்த எடம்?"

"மொதல்ல குழிய மூடுங்க."

மூடினார்கள். மாணவர்கள் மேலே ஏறி நின்று மிதித்தார்கள்.

"காலு வச்சு சவிட்டினா போராது மக்கா. நாளைக்கு இதில கல்லு நிக்கணும். கட்டை வச்சு இடிக்கணும். கேட்டியளா, தேங்கா எண்ணினது போதும், நிங்களும் வாங்க!"

ரெத்தினதாஸும் இடித்தான். சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு இடித்தார். சாராம்மா குதிகாலை ஊன்றி நாலு மூலையும் நடந்து பார்த்தாள். இரண்டு மூலையை மறுபடியும் இடிக்கச் சொன்னாள். கொத்தனாருக்கு போன் போட்டு நாளை காலை வரச் சொன்னாள். அதன்பிறகுதான் சார் பக்கம் திரும்பினாள்.

"காஞ்சிரங்குளம். எனக்க அண்ணனுக்க வீட்டுக்குப் பொறத்த. ஆனா அண்ணன்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க சாறே. அவரும் இவர மாதிரி அப்பூப்பன் கதைதான் சொல்லுவாரு. அவருக்க பொண்டாட்டி, எனக்க மயினிட்ட கேளுங்க. அவதான் அந்த மேட்டில தெனமும் மரச்சீனிக் கெழங்குக்கு மண்ணு வெட்டுதா."