ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வெள்ளி

எல்சியின் புருஷனை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை என்று ராயபுரம் பனைமரத்தொட்டியில் எல்லாருக்கும் தெரியும், எல்சியைத் தவிர. செல்வநாதனுக்கு நாற்பத்தாறு வயது. முன்னந்தலையில் முடி விடைபெற்றுவிட்டது. தொப்பை சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கட்டும். வாயைத் திறந்தால் கிரீஸ், பேரிங், ஒயர் ரோப் தவிர வேறு பேச்சு வராது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் கம்பெனியில் கிரேன் மெக்கானிக். இந்த மனிதன்தான் எல்சியின் கண்ணுக்கு மன்மதன்.

பூக்காரி அவனுக்கு இரண்டு விரற்கடை கூடுதலாக அளந்துவிட்டால் அந்தப் பூ குப்பைக்குப் போகும். ரேஷன் கடையில் பில் போடுகிற பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள் என்பதற்காக அந்த மாதச் சர்க்கரையையே வேண்டாமென்று விட்டவள் எல்சி. காசிமேட்டில் இறால் கம்பெனியில் எடை போடுகிற வேலை அவளுக்கு. அங்கே ஐம்பது கிராம் பிசகினால் பிடித்துவிடுவாள். அவ்வளவு நிதானமான பொம்பளைக்குப் புருஷன் விஷயத்தில் மட்டும் நிதானம் என்பதே கிடையாது. அவளையும் சும்மா சொல்லக்கூடாது. பதினெட்டு வருஷம் ஒருத்தனை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காப்பது லேசுப்பட்ட வேலையா?

செல்வநாதனுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. காசை விடமாட்டான். வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போய் பஸ் காசை மிச்சம் பிடிப்பான். ஒரு பிளேடை ஒரு மாதம் ஓட்டுவான். 2006 பிப்ரவரியில் கம்பெனி அவனை மலேசியாவுக்கு, கிள்ளான் துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்க்கப் பத்து மாதம் அனுப்பியது. சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு. சம்பளமும் படியும் வழக்கம்போல ராயபுரத்து பேங்கில், இரண்டு பேர் பேரிலும் இருந்த கணக்கில் விழும். அங்கே கைச்செலவுக்கு ஏ.டி.எம். கார்டு.

புறப்படுவதற்கு முன் அவன் பேங்க் கவுன்டரில் உட்காரும் தண்டபாணியை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டான். வெளிநாட்டு மெஷினில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நூற்று நாற்பது ரூபாய் பிடிப்பார்கள், ஐம்பது எடுத்தாலும் அதே, ஆயிரம் எடுத்தாலும் அதே என்று தெரிந்ததும் அவனுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினான். மாதத்துக்கு ஒரே ஒரு தடவை மொத்தமாக எடுக்க வேண்டும். மெஷின் ‘ரூபாயில் கணக்குப் போடட்டுமா’ என்று ஆசை காட்டினால் வேண்டாமென்று அமுக்க வேண்டும். ஏர்போர்ட்டில் பணம் மாற்றவே கூடாது. போவதோ அவன் ஒருத்தன். அந்தத் தாளைத் தெருவில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டினான்.

கிளம்புவதற்கு முதல்நாள் எல்சி அழுதாள், சண்டை போட்டாள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு விமானம் ஏறினான்.

ஏப்ரல் கடைசியில், அவன் போய் இரண்டரை மாதம் கழித்து, எல்சி பாஸ்புக்கில் பதிவு போடப் போனாள். தண்டபாணி மெஷினில் செருகி எடுத்துக் கொடுத்தார். பார்த்துவிட்டு அவரே உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னாம்மா இது, உங்க வூட்டுக்காரர் என் உயிர வாங்கிக் கேட்டுகினு போனாரு. இப்படி வாராவாரம் எடுத்து கட்டணத்தக் கொட்டி அழுவுறாரே?”

எல்சி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வரிகளை விரல் வைத்துப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மலேசியாக் காசில் ஐம்பது வெள்ளி, நம் காசுக்கு அறுநூறு ரூபாய். அதற்குக் கீழே கட்டணம் நூற்று நாற்பது. மறுபடி ஞாயிற்றுக்கிழமை, அதே ஐம்பது, அதே நூற்று நாற்பது. பத்து ஞாயிறு. பத்தும் ஒரே மெஷின். அதுவும் அவன் தங்கியிருக்கிற துறைமுகத்தில் இல்லை, பஸ் பிடித்துப் போக வேண்டிய கிள்ளான் டவுனில்.

அவளுக்குக் காதில் புகை வந்தது. வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் விவரம் தெரியாதவன் என்று விட்டுவிடலாம். இவன் பாடம் எடுத்தவன் ஆயிற்றே! பஸ்ஸுக்கு மூன்று ரூபாய் கொடுக்க மனம் வராதவன் வாரம் நூற்று நாற்பதைத் தண்ணீராக விடுகிறான் என்றால் அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள். காசையே மறக்கடிக்கிற ஒருத்தி.

வீட்டுக்கு வருவதற்குள் அந்த ஒருத்திக்கு முகம் வந்துவிட்டது. கிள்ளான் டவுனில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். ஒல்லி. மாநிறம். புருஷன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து மல்லிகை வைத்துக்கொண்டு, “வாங்க, இன்னிக்கு லேட்டு” என்கிறாள். மறுநாள் இறால் எடை போடும்போது அவளுக்குப் பேரும் வைத்தாயிற்று: மாயா. எல்சி தன் வாழ்நாளில் ஒரு மாயாவைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேரில் ஒரு பொம்பளை இட்லித் தட்டைக் கழுவுவது அவளுக்குச் சத்தத்தோடு கேட்டது. தன் வீட்டு இட்லியை அவன் ஒருநாளும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

பக்கத்துப் போர்ஷன் சிலுவையம்மாளிடம் பாஸ்புக்கைக் காட்டினாள்.

“ஏன்க்கா, வாராவாரம் அம்பது வெள்ளி எதுக்கு? இன்னாத்துக்குன்னு நீயே சொல்லு.”

“சோப்பு, பீடின்னு எதுனா வாங்குவான்டி.”

“அவுரு பீடி குடிக்கமாட்டாரு.”

“அப்ப நேரா அவனையே கேளேன். ஞாயித்துக்கெழம போன் பண்றான்ல?”

“கேட்டா உஷாராயிடுவாருக்கா.”

போன் வரத்தான் செய்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, எண்ணி மூன்று நிமிஷம். எல்சி குரலில் தேனைக் குழைத்து, “சாப்ட்டியா? இன்னா சாப்ட்ட? எங்க சாப்ட்ட?” என்று கேட்டாள். அவன் ‘இட்லி’ என்று சொன்னான். அன்று ராத்திரி அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பேங்குக்குப் போனாள். புருஷன் கார்டைத் தொலைத்துவிட்டான், உடனே நிறுத்த வேண்டும் என்று துணிந்து ஒரு பொய் சொன்னாள். தண்டபாணி ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, மேலே பேசி கார்டை முடக்கிவிட்டார். திரும்பி வரும்போது எல்சிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு மாயா வாசலில் போய் நிற்கட்டும், அவள் அப்போதும் சிரிக்கிறாளா என்று பார்க்கலாம்.

அந்த ஞாயிறு போன் ஆறு மணிக்கு வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. எட்டேகாலுக்கு வந்தது. கூட வேலை செய்கிற பென்னி ஷிப்ட் முடிந்து வந்த பிறகு அவன் செல்லிலிருந்து பேசுவதாகச் சொன்னான்.

“எல்சி, கார்டு பேஜாராயிடுச்சிம்மே. மெஷினு உள்ள முழுங்கிகினு துப்பவே இல்ல. கையில ஒத்தப் பைசா கெடையாது. டவுன்லேர்ந்து ரூமுக்கு நடந்தே வந்தேன். வெயிலு மண்டையப் பொளந்துடுச்சி.”

நடந்தான் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் எந்த வாசலில் இருந்து நடந்தான் என்று நினைத்ததும் அந்தச் சுருக்கு போய்விட்டது.

“நான்தான் நிறுத்தினேன்.”

“இன்னாது?”

“கார்ட நான்தான் நிறுத்தினேன்யா. தொலைஞ்சிபோச்சின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். எவகிட்டப் போற நீ ஞாயித்துக்கெழமல? அவளுக்கு வாராவாரம் அம்பது வெள்ளி இன்னாத்துக்கு? நூத்தி நாப்பது தண்டம் கட்டிப் போற அளவுக்கு அவ இன்னா பெரிய ரதியா?”

பென்னியின் காசு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் செல்வநாதன் மெதுவாகத்தான் பேசினான்.

“நான் கெளம்புறதுக்கு மொத நாளு அந்தோணியார் சுரூபத்தாண்ட என் கையப் புடிச்சி வெச்சி இன்னா சத்தியம் வாங்கின? கையில அம்பது வெள்ளிக்கு மேல வெச்சிக்கக் கூடாதுன்னு வாங்கினியா இல்லியா? ஆம்பள கையில காசு பொழங்கினாத்தான் கண்டவ வந்து ஒட்டுவான்னு சொன்னியேம்மே!”

அன்றைக்கு எல்சி ஏழெட்டு சத்தியம் வாங்கினாள். ராத்திரியில் கடைத்தெருவுக்குப் போகாதே, இருக்கிற நாலு முடிக்குச் சாயம் அடிக்காதே, செண்டு போடாதே என்று அழுகைக்கு நடுவில் அடுக்கியதில் இதுவும் ஒன்று. வாங்கினவள் மறந்துவிட்டாள். கொடுத்தவன் மறக்கவில்லை.

“அப்ப டவுனு எதுக்கு?” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

“அங்கதான் தமிழ்ப் பூசை. மாதா கோயிலுக்கு எதுத்தாப்பல மெஷினு கீது. அம்பது எடுப்பேன், பூசை பாப்பேன், ஓட்டல்ல ரெண்டு இட்லி துண்ணுவேன், வந்துடுவேன். பஸ்ஸு, போனு, சோப்புன்னு அது ஒரு வாரத்துல தீந்துடும். ஒவ்வொரு வாட்டியும் அந்த நூத்தி நாப்பதப் பாக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு உனுக்குத் தெரியாதா? பேங்குக்கா கட்டினேன்? உனுக்குக் கட்டினேன்.”

அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்று எல்சிக்குத் தெரிந்தது. செல்வநாதனுக்குப் பொய் சொல்ல வராது. மாயாவும் இட்லிக் கடையும் பொலபொலவென்று உதிர்ந்தன. வெயிலில் தொப்பையோடு அவன் நடந்து வந்ததை நினைத்துக் கண்ணில் நீர் முட்டியது. செய்தது பாவம் என்று நெஞ்சார வருந்தினாள்.

“மன்னிச்சிடுயா. நாளைக்கே போயி புது கார்டுக்கு எழுதிக் குடுக்கறேன்.”

“செரி, வுடு. கம்பெனி பார்சல்ல போட்டு அனுப்பு, அதுவரிக்கும் பென்னிகிட்ட கைமாத்து வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு எல்சி. அந்த சத்தியத்த வாபஸ் வாங்கிக்கோ. மாசத்துக்கு ஒரே வாட்டி எடுத்துக்கிறேன். இன்னும் ஏழு மாசத்துக்கு மேல கீது. நீயே கணக்குப் போட்டுப் பாரு, அரை சவரன் வாங்கலாம்.”

எல்சி கணக்குப் போட்டாள். அவன் சொன்னது சரிதான், அரை சவரன் தேறும். ‘செரி, மொத்தமா எடுத்துக்கோ’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மொத்தமாக என்றால் இருநூறு வெள்ளி, இருநூற்றைம்பது வெள்ளி. அவ்வளவும் அவன் சட்டைப் பையில். ஓட்டலில் இட்லி வைக்கிறவள் யார் என்று அவன் சொல்லவே இல்லை.

“வாணாம். வாராவாரமே எடு.”

“இன்னா, நம்பலியா?”

“நம்பறேன்யா. மாதா மேல ஆணையா நம்பறேன். ஆனா வாராவாரமே எடு.”

எட்டணாவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவன், அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், “செரி” என்றான். அதைக் கேட்டபோது எல்சிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லவில்லை.