வெள்ளிக்கிழமை வரைக்குமாவது

இந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது. நான் வீடியோ எடுக்க ஒத்துக்கொண்டிருந்த கல்யாணத்துப் பெண்ணின் தம்பி பேசினான்.

"அண்ணே, மாமாவ வரப்புல விரியன் கடிச்சிருச்சு. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரில கிடக்காரு. கல்யாணம் நிக்கும் போல."

"எந்த மாமா?" என்றேன். தூரத்து மாமாவாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"தாய்மாமன்ணே."

தாய்மாமன் மாலை போடாமல் அந்த வீட்டில் பெண் மணவறை ஏறாது. கல்யாணம் வெள்ளிக்கிழமை.

நான் பூதலூர் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன். பத்தாவதோடு படிப்பு சரி. கேமரா தவணையில் வாங்கியது. இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. இந்தக் கல்யாணக் காசு வராவிட்டால் சனிக்கிழமை வந்து கேமராவைத் தூக்கிவிடுவோம் என்று பைனான்ஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இந்த வீட்டுக்காக அதே முகூர்த்தத்தில் வந்த இரண்டு கல்யாணத்தை வேண்டாம் என்றிருந்தேன். அச்சாரமும் வாங்கவில்லை. "நமக்குள்ள என்னங்க அச்சாரம்" என்று பெரிய மனுஷன் மாதிரி பேசிவிட்டு வந்திருந்தேன்.

அதே கல்யாணத்து மேளக்காரர் சேகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரையே கிண்டல் செய்கிறவன் நான். அன்றைக்கு அவர் முறை.

"நான் வெத்தல பாக்கோட அச்சாரம் வாங்கிட்டேன்டா. நின்னாலும் எனக்குச் சோறு உண்டு. நீ கேமராவ வச்சு உன் மூஞ்சிய எடுத்துக்க."

சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் போய் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, அந்த மாமாவ வெள்ளிக்கிழமை வரைக்குமாவது நிக்க வையும். மாலை போட்டதுக்கு அப்புறம் உம்ம இஷ்டம்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அம்மா அடுப்படியிலிருந்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஆண்டவர்கிட்ட ஆள வாடகைக்கா கேக்குற? போய் அந்த மனுசனப் பாத்துட்டு வாடா."

பைக்கில் போனேன். மாமாவை உள்ளே வைத்திருந்தார்கள், விடவில்லை. வெளியே தரையில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. அதில் வயல் சேறு இன்னும் காயவில்லை. கீழே வைக்க மனசு வராமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு தம்பி நீங்க?"

"வீடியோ எடுக்குற பையன்க்கா."

ஏனென்று தெரியவில்லை, விட்ட இரண்டு கல்யாணம், தவணை எல்லாவற்றையும் அவரிடம் உளறிவிட்டேன். அவர் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மாடிப்படிக்குப் போய் நின்று கண்ணை மூடினேன். "கல்யாணம் நிக்கட்டும் ஆண்டவரே. கேமராவும் போகட்டும். இந்த அக்காகிட்ட இவரத் திருப்பிக் குடும்." அவ்வளவுதான் வந்தது.

கல்யாணம் நின்றது. பைனான்ஸ்காரர்களோ என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முகூர்த்த நேரத்தில்தான் மறுபடி போன். மாமா கண் திறந்துவிட்டார்.

ஓடினேன். காலெல்லாம் வீங்கிக் கிடந்தவர் என்னைப் பார்த்து, "நீதான் வீடியோவா? கல்யாணத்துக்கு வந்தியா, என் சாவு எடுப்புக்கு வந்தியா?" என்றார்.

"ரெண்டுக்கும் ஒரே ரேட்டுதான் மாமா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பணம்.

"எங்களுக்காக ரெண்டு கல்யாணத்த விட்டியாமே. மச்சான் வீட்டுத் தங்கச்சி சொல்லுச்சு. பந்தலுக்கும் மேளத்துக்கும் அச்சாரம் குடுத்தோம், உனக்குக் குடுக்கல. இது நின்ன கல்யாணத்துக்கு. கல்யாணத்த ஐப்பசிக்கு மாத்தியாச்சு, அதுக்குத் தனியாத் தரேன்."

மறுநாள் வந்த பைனான்ஸ்காரர்கள் தவணையை வாங்கிக்கொண்டு போனார்கள். கேமரா வீட்டிலேயே இருந்தது. நான் கேட்டது ஒரு கல்யாணம். ஆண்டவர் ஒரு மனுஷனைக் கொடுத்தார், கேமராவையும் விட்டுவைத்தார்.

இப்போதெல்லாம் அச்சாரம் வாங்காமல் தேதி எழுதுவதில்லை. வேலை நின்றாலும் அது திரும்பாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தியும் அவர் கொடுத்ததுதான்.

உங்களுக்கும் கைக்கு வந்த வேலை நின்றுபோயிருக்கலாம். பயப்படாமல் அவரிடம் போய்க் கேளுங்கள். என்னை மாதிரி வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஐப்பசியில் மாமா நொண்டிக்கொண்டே வந்து மாலை போட்டார். வீடியோவில் அந்த ஒரு இடம் மட்டும் கொஞ்சம் ஆடும். நான்தான் எடுத்தேன்.