பெயின்ட்டைச் சுரண்டி வாங்கிய வண்டி

அப்பா செத்த அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு மாதமாக ஒரு முடிவை எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்த மனுசன், எடுக்காமலேயே போய்விட்டார். கிணற்று மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் திரும்ப எழவே இல்லை. அவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வரும்போது என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான்: இனி எந்த வண்டியை வாங்குவதென்று யாரைக் கேட்பேன்? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். நாலு ஏக்கர், பாதிக்கு மேல் தென்னை. தென்னை வரிசைகளுக்கு நடுவே ஆடியில் கடலைக்காய் போடுவோம். அந்த மார்கழியில் எங்கள் காளைகளில் ஒன்று செத்தது. ஒற்றைக் காளையை வைத்து என்ன உழுவது? பெரிய டிராக்டர் தென்னைக்கு நடுவே திரும்பாது, மட்டையை எல்லாம் இழுத்துப் போடும். இடுப்பு உயரத்துக்கு இருக்கும் பழைய சீமை டிராக்டர் ஒன்று கிடைத்தால் போதும் என்று அப்பா தேட ஆரம்பித்தார். கிடைத்தது ஒன்றல்ல, இரண்டு. வந்தது வினை.

ஒன்று, ஊர்ப் பக்கத்து அரிசி மில்லின் பின்னால் நின்றது. வண்டிப்பெரியார்ப் பக்கம் ஏதோ தேயிலை எஸ்டேட்டில் கழித்துப் போட்டதை மில்லுக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் துரு. சீட்டுக்குப் பதில் சாக்கு. ஒரு பக்கம் பிரேக் கிடையாது. ஸ்டார்ட் ஆனால் மில் புகையை விட அதன் புகை அதிகம். விலை மலிவு.

இன்னொன்று பொள்ளாச்சியில் ஒரு ஒர்க்ஷாப்பில் இருந்தது. இன்ஜினைப் பிரித்துப் புதுசாக ஏற்றி, பட்டி பூசி, தேர்நோம்பிக்குத் தேரை ஜோடித்த மாதிரி ரத்தச் சிவப்பு அடித்து வைத்திருந்தார் மெக்கானிக். விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு.

வியாழக்கிழமை தோறும் அப்பா பொள்ளாச்சி சந்தைக்குப் போவார். போகும்போது மில்லு வண்டி, வரும்போது ஒர்க்ஷாப்பு வண்டி, இரண்டையும் பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம், "சிவப்புதான் நமக்கு" என்பார். அடுத்த வாரம், "அது வேண்டாம், மில்லுல இருக்கறதே போதும்" என்பார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் இப்படியே போயிற்று. வைகாசிக் கடைசியில் அவரும் போனார்.

முப்பதாம் நாள் படையல் முடிந்து இலை எடுப்பதற்குள் பெரியப்பா பேச்சை எடுத்தார்.

"ஆடி பொறக்கப் போவுது. மில்லுல இருக்கறதைப் பேசி முடிச்சறலாம்."

"செவப்பு வண்டிதானுங்க நல்லது. இன்ஜின் புதுசு மாதிரி" என்றேன்.

"அதாண்டா சொல்றேன். புதுசு! கொள்ளி வெச்ச கையி நீ. வருசம் திரும்பற முட்டும் புதுசு எதையும் ஊட்டுக்குள்ள கொண்டாரப்படாது. தெரியாதா?"

"அது பழைய வண்டிங்க பெரியப்பா. என்னை விட வயசு அதிகம்."

"வர்ணம் அடிச்சுட்டா புதுசுதான். பழைய வேட்டிய வெளுத்துக் கட்டிக்கலாம், சாயம் போட்டுக் கட்டிக்குவயா? மொட்டை போட்ட மசுரு இன்னும் மொளைக்கல, அதுக்குள்ள தொரைக்குச் செவப்பு வண்டி கேக்குதா?"

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அறிவு இல்லாமல் ஒரு வார்த்தையை விட்டேன்.

"மில்லுக்காரங்கிட்டக் கமிசன் எவ்வளவுங்க?"

பெரியப்பா எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு செருப்பைக் கூடக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒரு காசும் வாங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவர் சொன்னதை அவர் முழுசாக நம்பினார், அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "உன்ற அப்பன் கடைசியா எதைச் சொன்னாரு?"

"ரெண்டையும் சொன்னாரு."

"அவரு பொண்ணு பார்க்க வந்தப்பவும் அப்படித்தான். மூணு தடவை வந்து பார்த்துட்டுப் போனாரு" என்று சொல்லிவிட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

மறுநாளே பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு வருசம் கூலிக்கு டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். இன்ஜின் சத்தம் எனக்குப் புரியும். சிவப்பு வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் அத்தனை சுத்தம். மெக்கானிக் என் தலையைப் பார்த்துத்தான் விசயத்தைத் தெரிந்துகொண்டார்.

"அடப்பாவமே, உங்கப்பாவா? போன மாசம் கூட வந்தாருங்களே. வந்தா அந்தப் பின்சக்கரத்துக்கிட்டப் போய்க் குத்த வெச்சு உக்காந்துக்குவாரு. நெகத்துல பெயின்ட்டைச் சொரண்டிச் சொரண்டிப் பார்ப்பாரு. அவரு போனதும் நான் மறுக்கா பெயின்ட் தொட்டு வெப்பேன்."

"எந்த எடத்துல?"

அவர் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். நானே போய்ப் பார்த்தேன். கியர் பெட்டியின் அடியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சிவப்பு தடித்திருந்தது. வீட்டு அருவாமணையைச் சாணை பிடிக்க எடுத்து வந்திருந்தேன். அதன் முனையால் ஓங்கி ஒரு இழுப்பு. பெயின்ட், பட்டி, அதற்குக் கீழே கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு வெல்டிங்.

"இது என்னங்ணா?"

"ஒடைஞ்சதுதான் தம்பி. நல்லா ஒட்டியிருக்குது. ஒண்ணும் ஆவாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்குவீங்களா?"

"மறைச்சா வாங்குவமா? கிறுக்கனா நாங்க?"

ஒர்க்ஷாப்பில் வேலை செய்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவரைத் திட்டினேனா அப்பாவைத் திட்டினேனா தெரியவில்லை. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது. மில்லு வண்டியில் கியர் பெட்டி முழுசு, இன்ஜின் செத்தது. இதில் இன்ஜின் உயிரோடு, கியர் பெட்டி உடைந்தது. இதைத்தான் ஆறு மாதம் வாய்க்குள் போட்டு மென்றிருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாரா? நான் என்ன சின்னக் குழந்தையா? இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து பார்த்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய்விட்டேன். பஸ்ஸும் நின்றது. ஏறவில்லை. சிவப்பு வண்டியை எதிர்த்தவர்கள் இரண்டு பேர். அப்பாவுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே இருந்ததுதான் பயம். பெரியப்பாவுக்குப் பெயின்ட்டே பயம். திரும்பி நடந்தேன்.

"பெயின்ட் பூராவும் எடுத்துக் குடுங்க. ஒட்டுப் பூரா என்ற கண்ணுக்குத் தெரியோணும். அப்பறம் எதுத்தாப்பல இருக்கற பொட்டல்ல கலப்பையைக் கட்டி உழுது காட்டுங்க. தாங்குச்சுன்னா வாங்கிக்கறேன்."

மெக்கானிக் என்னை அடிக்காத குறை. "தம்பி, அதுக்கு மூணு கோட்டு அடிச்சிருக்குதுங்க! எந்தக் கிறுக்கன் பெயின்ட்டை எடுக்கச் சொல்லி வண்டி வாங்குவான்?"

"பெயின்ட்டுக்கான வெலையையும் கொறைச்சுக்கோங்க."

அதற்கு மேல் அவர் பேசிய பேச்சை எழுத முடியாது. ஆனால் ஆறு மாதமாக விற்காத வண்டி அது. உப்புத்தாளும் சுரண்டியுமாக இரண்டு நாள் ஆயிற்று. நானும் கூட உட்கார்ந்து தேய்த்தேன். தோல் உரிந்த மாடு மாதிரி நின்றது வண்டி. ஒட்டு ஓரிடத்தில் கூட வாய் பிளக்கவில்லை. சுத்தியலால் தட்டினேன், சத்தம் பிசிறடிக்கவில்லை. காய்ந்த பொட்டலில் கொத்துக் கலப்பையை மாட்டி முக்கால் மணி நேரம் ஓட்டினோம். இறங்கிக் குனிந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பெரியப்பா வந்தார். என்னோடு பேசவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"கருமம். இதுக்கு மில்லுல இருக்கறதே லச்சணமா இருக்குதே."

"புதுசு மாதிரி இருக்குதுங்களா?" என்று நான் கேட்டேன்.

இன்னும் கிட்டே வந்தார். குனிந்தார். சீட்டுக்கு அடியில் விரல் அகலத்துக்குச் சிவப்பு மிச்சம் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்து, வியர்க்க வியர்க்க, அதைத் தன் கையாலேயே சுரண்டி முடித்தார். பிறகு நிமிர்ந்து, "இப்பச் செரி. ஓட்டு" என்றார். முப்பதாம் நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

ஆடிக்கு நாலு நாள் இருந்தது. காலையில் முதல் வரிசையில் இறக்கினேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில் வாயைத் திறந்தேன். "சொல்லீருக்கலாமல்ல? நான் உன்ற மகன்தானே? அந்த ஒட்டை என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனா உன்ற சொத்தா போயிரும்? எல்லாத்தையும் நெஞ்சுக்குள்ளயே வெச்சுட்டு, அந்த நெஞ்சே வெடிச்சுச் செத்தயே, வேணும் உனக்கு!" வரிசைக்கு வரிசை திட்டினேன். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. துடைக்கக் கை எடுக்க முடியவில்லை.

அஞ்சாவது வரிசைத் திருப்பத்தில் தென்னை வேர் ஒன்று கலப்பையில் மாட்டியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, இன்ஜின் நின்றுபோனது. வாய் நிற்கவில்லை. "...பேசாமச் செத்துப் போனயே நாயே" என்று நான் கத்தியது தோப்பு முழுக்கக் கேட்டது. பத்தடி தள்ளி, விதைக் கூடையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்து, ஒட்டைத் தடவிப் பார்ப்பது போலத் தலையை மறைத்துக்கொண்டேன். ஒட்டு சூடாக இருந்தது. விடவில்லை.

"தாங்கிருச்சா?" என்றாள் அம்மா.

"தாங்கிருச்சு."

"நானும் முப்பது நாளா அவரைத் திட்டிட்டுத்தான் இருக்கறேன், அடுப்படியில. நாயின்னு மட்டும் சொல்லல." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வேரை வெட்டி உட்டுட்டு வண்டிய எடு. ஈரம் காயுது."