திதிச் சோறு

பகல் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. சட்டக் கல்லூரியில் எனக்கு அது இரண்டாம் வருஷம். தண்டனைச் சட்டம் நடத்துகிறவர் ஒரு உதாரணம் சொன்னார். ஒருவன் இன்னொருவனைச் சுற்றுச்சுவர் உள்ள ஓர் இடத்துக்குள் போகச் செய்து, வெளியே பூட்டிவிடுகிறான். உள்ளே இருப்பவன் எந்தத் திசையில் நடந்தாலும் சுவரைத் தாண்ட முடியாது. சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் என்றால் இதுதான். "இந்த மாதிரி எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஆமாங்க சார், எங்க ஹாஸ்டல்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின ஞாயிறுதான் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சுவருக்குள் என் அத்தை இருந்தாள்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஒரே மகன், போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறான். பொங்கல் முடிந்தால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வண்டி கிளம்பிவிடும். மழை பிடித்தால்தான் ஊர் திரும்பும். மாட்டுக்கொட்டாயில் வழுக்கி விழுந்து அத்தைக்கு இடுப்பெலும்பு விட்டுப்போனது. சேலத்தில் வைத்தியம் பார்த்தார்கள். கட்டுப் பிரித்த கையோடு, "ரெண்டு மாசம் இரும்மா, நடந்து பழகுனதும் கூட்டிக்கறேன்" என்று மகன் கொண்டுபோய் விட்ட இடம்தான் அந்த முதியோர் இல்லம். அவள் கம்பூன்றி நடக்கப் பழகி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

வெண்ணந்தூரில் பஸ் மாறிப் போக வேண்டும். மூடிப்போன ஜவ்வரிசி ஆலை அது. மாவு காயப்போட்ட களம் அப்படியே இருக்கிறது, ஒரு மரம் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் வரிசையாகக் கட்டில். கேட்டில் லாரிக்குக் கட்டுகிற சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டிருக்கும். அத்தனை பேரையும் கவனிக்க ஒரே ஒரு ஆயா. அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளுக்கே முதுகு நிமிரவில்லை. ஆனால் அங்கே பொழுது சாய்ந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு.

"குடிச்சாப் போகோணுமாம் அம்மணி. போனா அலசோணுமாம்" என்றாள் அத்தை. உதடு வெடித்திருந்தது. நாளெல்லாம் உட்கார்ந்தும் படுத்தும் முதுகுக்குக் கீழே புண். காட்டச் சொன்னேன், காட்டவில்லை. "என்ற ஊட்டுக்குப் போகோணும் சாமி. தோட்டத்துச் சாளையில கட்டலப் போட்டுக் குடுத்தாப் போதும். கேட்டத் தெறக்கச் சொல்லு." கேட்டேன். அங்கிருந்த மேனேஜர், "மகன் வந்து சொன்னாத்தானுங்க தெறக்க முடியும்" என்றார். ஏதோ சாமான் ஒப்படைத்துவிட்டுப் போனது போலத்தான் பேசினார்.

வகுப்பில் உறைத்தது இதுதான். அத்தைக்குப் புத்தி பிசகவில்லை. எந்தக் கோர்ட்டும் அவளை அடைக்கச் சொல்லவில்லை. அப்படியென்றால் மகன் சொன்னாலும் அந்தப் பூட்டு குற்றம்தான். மணி அடிக்கும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

லீவில் ஊருக்கு வந்ததும், நான் போய் உட்காரும் ராசிபுரத்து வக்கீலிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "அம்மணி, ஜெயில்ல இருக்கறவனுக்கு மேனுவல் இருக்குது. எத்தனை சோறு, எத்தனை தண்ணி, எப்ப டாக்டரு, எல்லாம் அதுல போட்டிருக்குது. உங்க அத்தை ஒரு கொலையப் பண்ணிப்போட்டு உள்ள போயிருந்தா, கேக்கறதுக்கு நமக்கு ஒரு புஸ்தகமாச்சும் இருந்திருக்கும்." முதியோர் இல்லம் இப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை. சங்கமாகப் பதிவு செய்தால் கணக்குப் பார்ப்பார்கள், கட்டிலைப் பார்க்க மாட்டார்கள். எழுபத்து நாலில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பெற்றவர்கள் பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. கேட்ட அப்பன் ஆத்தாளை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவையும் அவர் தேடி எடுத்தார். அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடி மீட்க, வருவாய்க் கோட்டத்தைப் பார்க்கிற ஆர்.டி.ஓ.வே உத்தரவு போடலாம். மனு எழுதிவிட்டேன். உடன்பிறந்தவர் என்ற முறையில் அப்பா கையெழுத்துப் போட்டார். மகன் மேல் கேசு இல்லை, கேட்டின் மேல்தான் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் போட்டார்.

பொங்கலுக்கு வந்திருந்த மச்சானுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஏம் புள்ள, ரெண்டு வருசம் படிச்சதுக்கே இந்தப் போடு போடறியே. வண்டிய நிறுத்திப்போட்டு அம்மாவுக்குக் கால் அமுக்கிட்டு உக்காந்துக்கட்டுமா? கெணறு வத்திப்போன ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறவன் நானு."

"உங்கம்மாவுக்கு ராத்திரி ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்லீங்க மச்சான்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் பெண்டாட்டி மெதுவாக, ஆனால் சமையலறை வரை கேட்கும்படி சொன்னாள்: "முறை மாப்பிள்ளைய எனக்குக் கட்டி வெச்சுட்டாங்கங்கற காந்தல் இன்னும் போகலீங்களாட்ட இருக்குது." அம்மா உள்ளிருந்து, "காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க சாமி" என்றாள். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணைக்கு ஓர் அதிகாரியைப் போட்டார்கள். நல்ல மனுஷன். என்றைக்கு வரட்டும் என்று எங்களையே கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. "தை அமாவாசைங்க. நெறஞ்ச நாளு, தொட்ட காரியம் தொலங்கும்." வக்கீல் தலையாட்டினார். அதிகாரிக்கும் அது பிடித்துப்போனது. ரிக் வண்டிக்குப் பூஜை போடுவதும் கிணறு வெட்டுவதும் அமாவாசையில்தான்; ஒரு கிழவியை மீட்பதற்கு வேறு எந்த நாள்? அமாவாசையில் எங்கள் ஜனங்கள் இன்னொன்றும் செய்வார்கள் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று கேட் விரியத் திறந்திருந்தது. சங்கிலியைக் காணோம். களத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். செத்துப்போன அப்பா அம்மாவுக்குத் திதி கொடுப்பவர்கள் காரும் வேனுமாக வந்து நின்றார்கள். காக்கைக்கு வைத்த கையோடு வயதானவர்களுக்கும் இலை போட்டால் செத்தவர்கள் வயிறு குளிரும். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பம் போட்ட இலையை எடுப்பதற்குள் அடுத்த குடும்பம் வடையோடு காத்திருந்தது. "மாட்டேன்னு சொல்லக் கூடாது, அவங்க மனசு சங்கடப்படும்" என்று மேனேஜர் ஒவ்வொருவராக மறுபடி உட்காரவைத்தார். சர்க்கரை வியாதிக்காரருக்கும் பாயசம். ஒரு பாட்டி முதல் பந்தியை வாய்க்காலோரம் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இரண்டாம் பந்திக்கு வந்தாள்.

அத்தையைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி உட்காரவைத்திருந்தார்கள். அதிகாரிக்கும் ஓர் இலை போட்டார்கள். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் அப்பளத்தை நொறுக்கினார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து அத்தை முன்னால் குனிந்து, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "ஏனுங்காத்தா, இங்க ஏதாச்சும் குறை இருக்குதுங்களா? பயப்படாமச் சொல்லுங்க. வெளிய போகோணுமுங்களா?"

அத்தை கை இலையில் இருந்தது. எதிரே, அந்த இலையைப் போட்ட பெண் கைகூப்பி நின்றிருந்தாள். என் அம்மா வயது இருக்கும். கண் கலங்கியிருந்தது. அத்தை அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்க சாமி. வவுறு நெறஞ்சு போச்சு. எல்லாரும் நல்லா இருக்கோணும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். கேட் திறந்திருக்கிறது, உணவு தரமாக இருக்கிறது, சம்பந்தப்பட்டவருக்குக் குறை எதுவும் இல்லை. அந்தப் பெண் அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கம்மாவும் இங்கதானுங்க இருந்துச்சு" என்றாள். "போன வருசம் இதே கொட்டாயிலதான் போச்சு. அதனாலதான் இங்கயே வந்து செய்யோணும்னு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

இலை எடுத்த பிறகு அத்தையிடம் சண்டைக்கே போய்விட்டேன். "எத்தனை பேர் கால்ல உழுந்து அந்தாளக் கூட்டியாந்தேன்! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன அத்தை?"

"எலையில கை வெச்சுட்டு எப்படிச் சாமி சொல்றது? அது அந்தப் புள்ளயோட அம்மா சோறு. அது முன்னால உக்காந்து மூக்கச் சிந்துனா, செத்தவ பட்டினியாப் போயிர மாட்டாளா?" பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "நீதான் நாளாப் பாத்துக் கூட்டியாந்த. சாவு சோறு போடற நாள்ல வந்து குறையக் கேட்டா?"

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். ராசிபுரம் தாண்டியதும், "நாள் தப்பில்ல. ராகுகாலம் பாக்காமப் போயிட்டோம்" என்றார். அவரையும் அடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். சங்கிலி பழையபடி கேட்டில் ஏறியிருந்தது. அன்றைக்குக் காலையில் வெறும் கஞ்சிதான் என்றும், அமாவாசைக்கு வந்த பாத்திரங்களோடு மீந்த அரிசியும் எங்கோ போய்விட்டது என்றும் ஆயா கேட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். அத்தையைக் கூட்டிவந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள். தை மாத வெயிலிலும் கம்பி சுட்டது. நான் பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை.

"மச்சான் மேல ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடலாம் அத்தை. சட்டம் இருக்குது."

"அதெல்லாம் வேண்டாம். நான் பெத்தவன் கிட்டச் சோத்துக்குக் கோர்ட்டுல நிக்க மாட்டேன்."

"அப்ப கேட்டத் தெறக்கறதுக்கு?"

அத்தை சங்கிலியைப் பார்த்தாள். "அதுக்குச் சொல்றேன். எவங்க ஊட்டு எலையும் முன்னால இல்லாத நாளாக் கூட்டியா. ஜட்ஜய்யாவே வரட்டும். புண்ணக் கூடக் காட்டறேன்."

எனக்கு இது போதும். ஜீவனாம்சம் வாங்கித் தரலாம் என்று நான் போட்டிருந்த பெரிய திட்டத்தை அவள் ஏற்கவில்லை. இருக்கட்டும். கதவைத் திறக்கச் சொல்லும் உரிமையை அவளே கையில் எடுத்திருக்கிறாள். வக்கீல் இந்த முறை ஆர்.டி.ஓ. வேண்டாம் என்கிறார். அத்தை வாக்குமூலத்தோடு நேராக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனு. இல்லத்துக்கு முன்கூட்டித் தகவல் போகக் கூடாது என்றும், பொழுது சாய்ந்து தண்ணீரை நிறுத்திய பிறகு வாரண்டோடு போக வேண்டும் என்றும் கேட்கப் போகிறோம். வரும் போலீஸ்காரர் உள்ளே நுழைந்ததும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுப் பார்க்கட்டும்.

திறந்தால் அத்தை நேரே அவள் தோட்டத்து வீட்டுக்குத்தான் போவாள். சாளையைக் கூட்டிக் கழுவி, ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுவிட்டோம். சோறு எங்கள் வீட்டிலிருந்து போகும் என்று அம்மா சொல்லிவிட்டாள். பகலில் கூட இருக்க யார் என்பது இன்னும் தீரவில்லை. கல்லூரி திறக்கும்வரை நான் இருக்கிறேன், அதற்கு மேல் தெரியாது.

வாரண்டோடு போகும் நாளுக்காக அப்பா நேற்றிலிருந்து தினசரிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அஷ்டமி நவமி மட்டும் ஆகவே ஆகாது என்று தள்ளி, யாரும் விசேஷம் வைக்காத கரிநாளாக ஒன்று கிடைக்குமா என்று பார்க்கிறார். அன்றைக்கு எவரும் வடை சுட்டுக்கொண்டு வர மாட்டார்கள். திங்கட்கிழமை மனு.